கேஸ் ஷீட்டில் ஏறிய என் பேச்சு

என் சித்தப்பா மகன் ஒருவன் இன்சூரன்ஸ் ஏஜென்ட். அவனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அந்தக் கம்பெனியின் கிளை அலுவலகத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்த அதிகாரியையும் மன்னிக்கவில்லை. எனக்கு அறுபத்து மூன்று வயது ஆகிறது. யாரையாவது மன்னித்துப் புண்ணியம் தேடிக்கொள்ளும் அவசரம் எனக்கு இல்லை. நடந்ததை எழுதிவிடுகிறேன், படிக்கிறவர்களில் யாருக்காவது உதவும்.

என் வீட்டுக்காரர் சிவகாசியில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தார். பட்டாசு, காலண்டர், தீப்பெட்டி என்று வடக்கே போகிற லோடுகளுக்கு வண்டி பிடித்துக் கொடுக்கும் வேலை. நாள் முழுக்க போனும் கையுமாகத்தான் இருப்பார். பாதித் தமிழ், பாதி இந்தி, நடுநடுவே டிரைவர்களுக்கு மட்டுமே உறைக்கிற கெட்ட வார்த்தைகள். தீபாவளி சீசனில் தொண்டை கட்டிப்போய், எனக்குச் சைகை காட்டித்தான் சோறு கேட்பார். அறுபத்தெட்டாவது வயதில் முழங்கால் மக்கர் செய்யவே, ஆபீசைக் கூட்டாளியிடம் விட்டுவிட்டு வீட்டோடு இருந்துகொண்டார். இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் பேச்சு குறைந்தது.

குறைந்தது என்றால் கொஞ்சநஞ்சமாக இல்லை. குளிக்கச் சொன்னால் குளிப்பார். சாப்பிடச் சொன்னால் இரண்டு வாய் சாப்பிடுவார். மற்ற நேரமெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். எங்கள் ஒரே மகள் சென்னையில் இருக்கிறாள். அவள் போன் செய்தால்கூட, அம்மாகிட்ட பேசு என்று என்னிடம் நீட்டிவிடுவார். நானும் முதலில் திமிர் என்றுதான் நினைத்தேன். ஒரு நாள் மத்தியானம் ரசம் ஊற்றிக்கொண்டிருக்கும்போது தலை நிமிராமலே சொன்னார்.

"நான் இருந்து என்னத்துக்கு ஆகப்போகுது."

வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டி முடித்து அடுப்பை அணைத்துவிட்டு, அவர் தூங்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு வந்த பயம் பிறகு போகவே இல்லை.

வைத்தியம் தேடி அலைந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தெரு முனை டாக்டர் சத்து ஊசி போட்டார். இருக்கன்குடிக்குக் கூட்டிப்போய் மாவிளக்கு எடுத்தேன், மாரியம்மனிடம் சண்டையும் போட்டேன். அரசு ஆஸ்பத்திரியில் இதற்கென்று தனி டாக்டர் இருக்கிறார், காசு வேண்டாம் என்று ஒருத்தி சொல்ல, அங்கேயும் கூட்டிப்போனேன். சீட்டு வாங்கி வரிசையில் நிற்கும்போது பழைய டிரைவர் ஒருவர் எதிரே வந்து, முதலாளி இங்கன என்ன, யாருக்கு உடம்புக்கு என்று அன்பாகத்தான் விசாரித்தார். இவர் அப்படியே திரும்பி ஆட்டோ ஸ்டாண்டை நோக்கி நடக்க ஆரம்பித்துவிட்டார். மனசு சரியில்லாதவர்கள் இலவசமாகப் பேசலாம் என்று அரசாங்கம் ஒரு போன் நம்பர் வைத்திருப்பதை மகள் கண்டுபிடித்துச் சொன்னாள். போட்டுக் கொடுத்தேன். ஆயுள் முழுக்க போனில் பேசியே சம்பாதித்த மனிதர், எதிர்முனை ஹலோ ஹலோ என்று கூப்பிடக் கூப்பிட ஒரு வார்த்தை பேசாமல் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் விருதுநகரில் ஒரு மனநல டாக்டர் அகப்பட்டார். இந்த வயதில் நிறையப் பேருக்கு வருகிற வியாதிதான், குணப்படுத்தலாம் என்று முதல் ஆளாகச் சொன்னவர் அவர்தான். மாத்திரை எழுதினார். மாத்திரை மட்டும் போதாது, வாரம் ஒரு தடவை உட்கார்ந்து பேசவும் வேண்டும் என்று பக்கத்து அறையைக் காட்டினார். அங்கே கவுன்சலிங் படித்த ஒரு பெண் இருந்தது. என் மகளைவிடச் சின்னது. இதனிடம் இவர் எதைப் பேசப்போகிறார் என்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். கால் மணி நேரம் சத்தமே இல்லை. பிறகு கதவுக்கு அந்தப் பக்கம் அவர் குரல் கேட்டது. எத்தனையோ மாதம் கழித்து அந்தக் குரலைக் கேட்கிறேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

வெளியே வந்தவர் எண்ணெய் பரோட்டா சாப்பிடலாமா என்று கேட்டார். சாப்பிட்டோம். கை கழுவி வந்ததும் அவருக்குள் இருந்த வியாபாரி விழித்துக்கொண்டார். எவ்வளவு வாங்கினார்கள் என்று கேட்டார். சொன்னேன்.

"பேசுறதுக்கா அம்புட்டுத் துட்டு? இன்சூரன்சுல வரும்னா வாரேன். இல்லேன்னா இதோட விட்ரு" என்றார்.

அவர் சொன்னால் சொன்னதுதான். உடனே அந்தச் சித்தப்பா மகனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். பாலிசி எழுதி நான்கு வருடம் ஆகியிருந்தது. ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வரும்போது என் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போவான். எல்லாம் கவர் ஆகும்க்கா, கண்ணை மூடிட்டுப் போங்க என்றான். இவரும் கேட்டுக்கொண்டிருந்தார். சரி என்று தலையாட்டினார்.

கண்ணை மூடிக்கொண்டு போனவள் அடுத்த வாரம் கண் திறந்தேன். வெறுமனே வந்து பேசிவிட்டுப் போவதற்கெல்லாம் கம்பெனி கொடுக்காதாம், ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் கொடுக்குமாம். போன் செய்து கேட்ட ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பெண் இதையே பணிவாகச் சொன்னாள். இவரிடம் நான் சொல்லவில்லை. சீட்டு எடுத்து வைத்திருந்த பணத்திலிருந்து வாராவாரம் கட்டினேன். கம்பெனி கட்டுகிறது என்று இவரிடம் பொய் சொன்னேன். அந்தப் பொய்யில்தான் அவர் விருதுநகர் பஸ் ஏறிக்கொண்டிருந்தார்.

மூன்று மாதம் கழித்து ஒரு காய்ச்சல் வந்தது. அதைச் சாக்கு வைத்து மாத்திரையை நிறுத்திவிட்டார். மறுபடியும் சுவர். நான்கு நாள் பச்சைத்தண்ணீர் தவிர எதுவும் இறங்கவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு உடனே அட்மிட் பண்ணச் சொன்னார். சித்தப்பா மகனுக்கு அந்த நேரத்தில் ஒரே உற்சாகம். படுத்துட்டாருல்ல, இனி கவலையே இல்லை, ஆஸ்பத்திரிச் செலவும் வரும், டிஸ்சார்ஜ் ஆகித் தொண்ணூறு நாள் வரைக்கும் அந்தப் பேச்சு வைத்தியத்துக்கும் சேர்த்து வரும் என்றான். புருஷன் ஆஸ்பத்திரியில் படுத்ததற்காக நானும் சந்தோஷப்பட்டேன். அந்த நிலைமைக்கு என்னைக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள்.

அட்மிஷன் போடும் இடத்தில் ஒரு சின்ன வயசு டாக்டர். பெயர், வயது, சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா என்று கேட்டுக்கொண்டே எழுதினார். இவர் ஸ்ட்ரெச்சரில் கண்ணை மூடிக் கிடந்தார். எனக்கு இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை, காலையிலிருந்து காபிகூடக் குடிக்கவில்லை. எத்தனை நாளாக இப்படி இருக்கிறார் என்று டாக்டர் கேட்டார்.

"கல்யாணம் ஆன நாள்ல இருந்தே இவுக இப்படித்தான் சார்" என்றேன்.

எங்கள் ஊரில் புருஷனைப் பற்றி எந்தப் பெண்ணிடம் எதைக் கேட்டாலும் முதலில் வருகிற பதில் இது. ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டாலும் இதுதான், உப்புக் கூடிவிட்டது என்றாலும் இதுதான். பூக்காரியிடம் சொல்வோம், சம்பந்தியிடம் சொல்வோம், அவர்களும் திருப்பிச் சொல்வார்கள். அதற்கு யாரும் அர்த்தம் தேடுவதில்லை. அந்த டாக்டர் தேடினார். கல்யாணம் ஆகி எத்தனை வருடம் என்று கேட்டார். நாற்பத்தொன்று என்றேன். எழுதிக்கொண்டார்.

ஐந்து நாளில் தேறி வீட்டுக்கு வந்தார். பத்து நாளில் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது, இங்கிலீஷில். போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினேன். அவள் படித்துவிட்டுப் போன் செய்தாள். அம்மா, அப்பாவுக்கு நாப்பத்தோரு வருசமா, கல்யாணம் ஆனதுல இருந்தே இந்த வியாதி இருக்காம், அதை மறைச்சு பாலிசி எடுத்திருக்கோமாம், ஒண்ணும் கிடையாதாம், இதை யாரு சொன்னா என்று கேட்டாள். நான்தான் சொன்னேன் என்பதைச் சொல்லாமல், கம்பெனிக்கே போய்க் கேட்கிறேன் என்று போனை வைத்தேன்.

கிளை அலுவலகத்துக்குப் போனேன். அங்கேதான் அந்த அதிகாரி. முப்பத்தைந்து வயது இருக்கும். அட்மிஷனில் அந்த டாக்டர் எழுதிய கேஸ் ஷீட்டின் நகலை என் பக்கம் திருப்பி, அந்த வரியில் விரலை வைத்து, நீங்க சொன்னதுதானேம்மா இது என்றார். பேச்சுக்குச் சொன்னது சார் என்றேன். பக்கத்து மேஜைக்காரரைப் பார்த்துச் சிரித்தார். பேச்சுக்குச் சொன்னதா, வைத்தியத்துக்குச் சொன்னதா என்று பேப்பரில் இல்லையே என்றார். பக்கத்து மேஜைக்காரரும் சிரித்தார். பின்னால் வரிசையில் நின்ற யாரோ ஒருவரும் சிரித்தது கேட்டது. வெயிலில் பஸ் ஸ்டாண்ட் வரை நடந்துவரும்போது நான் முடிவு செய்தேன். பணம் வருகிறதோ இல்லையோ, அந்த மனிதன் முகத்தில் இருந்த சிரிப்பு இருக்கக்கூடாது.

சித்தப்பா மகன் போனை எடுப்பதை நிறுத்திவிட்டான். ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில், அக்கா கொஞ்சம் வாயை அடக்கி வைத்திருந்தால் கிளைம் வந்திருக்கும் என்று சொல்லிச் சிரித்ததாகவும் என் காதுக்கு வந்தது. சரிதான், சிரிக்கட்டும் என்று இருந்தேன். நேரம் வந்தது. அவன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது.

எங்கள் பக்கத்தில் அக்கா வீட்டுக்கு நேரில் வந்து, தட்டு வைத்துப் பத்திரிகை கொடுக்காமல் எந்தத் தம்பியும் மகள் கல்யாணத்தை நடத்த முடியாது. தட்டை அக்கா இரண்டு கையாலும் வாங்கினால்தான் அழைத்ததாகும். வாங்கவில்லை என்றால் மண்டபத்தில் அத்தனை சொந்தமும் அதைத்தான் பேசும். அவனும் அவன் பெண்டாட்டியும் வந்தார்கள். வெள்ளித் தட்டு, ஆப்பிள், மாதுளை, வெற்றிலை பாக்கு, மேலே தங்க எழுத்துப் பத்திரிகை. வாங்க என்றேன், தண்ணீர் கொடுத்தேன். பெண்டாட்டி தட்டை நீட்டினாள். நான் வெள்ளைத் தாளையும் பேனாவையும் எடுத்துவந்து அவன் முன்னால் டீப்பாயில் வைத்தேன்.

"பாலிசி பாரத்த யாரு நிரப்புனது, அன்னைக்கு அத்தான் எப்படி இருந்தாக, ஒரு கேள்வியாவது கேட்டியா, எல்லாத்தையும் எழுதிக் கையெழுத்துப் போடுலே. தட்ட வாங்கிக்கிறேன்."

ஏஜென்சி போய்விடும் என்றான். போகட்டும் என்றேன். கெஞ்சினான். நான் கொடியில் காய்ந்த துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன். தட்டைக் கீழே வைத்தால் அபசகுனம் என்று அந்தப் பெண் அதைப் பிடித்துக்கொண்டே நின்றாள். தட்டு சரிந்து ஒரு ஆப்பிள் உருண்டு விழுந்தது. அவள் எனக்கு ஒரு கெடுதலும் செய்தவள் இல்லை. அது தெரிந்தும் நான் இரக்கப்படவில்லை, இன்னும் இரண்டு சேலையை நிதானமாக மடித்தேன். அவன் எழுதினான். நினைவுக்கு எட்டியவரை என்று ஆரம்பித்திருந்தான், அதைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாள் கொடுத்தேன். இரண்டாம் தடவை ஒழுங்காக எழுதினான். பாரத்தை நான்தான் நிரப்பினேன், எல்லாக் கேள்விக்கும் கேட்காமலே இல்லை என்று டிக் போட்டேன், அன்று அத்தான் ஒரே நேரத்தில் இரண்டு போனில் மூன்று டிரைவர்களோடு சத்தம் போட்டுக்கொண்டிருந்தார் என்று எழுதியிருந்தான். வாங்கிப் படித்துப் பார்த்து பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து தட்டை வாங்கினேன்.

முதலில் கம்பெனிக்கே மேல்முறையீடு போட்டோம். பழைய கடிதத்தையே தேதி மாற்றி அனுப்பினார்கள். அதற்கும் மேலே சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் என்று ஒருவர் இருக்கிறார், அவரிடம் வக்கீல் இல்லாமல் நாமே முறையிடலாம், காசு இல்லை என்று மகள் விசாரித்துச் சொன்னாள். இந்த விஷயம் எத்தனை பேருக்குத் தெரியும் என்று தெரியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். விருதுநகர் டாக்டரிடம் வியாதி இரண்டு வருடமாகத்தான் என்று சான்று வாங்கினேன். கூட்டாளியிடம், வீட்டோடு இருந்துகொண்ட நாள்வரை ஆபீசை நடத்தியவர் இவர்தான் என்று எழுதி வாங்கினேன். தம்பி கடிதத்தையும் சேர்த்து அனுப்பினேன். விசாரணை அன்று பேச மூன்று பக்கம் எழுதி மனப்பாடம் செய்தேன். இவ்வளவு நடந்தும், பேசப்போவதற்குக் கம்பெனிதான் கட்டிவருகிறது என்றுதான் இவர் நினைத்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி பில்லில் மட்டும்தான் தகராறு என்று சொல்லியிருந்தேன்.

விசாரணை கம்ப்யூட்டரில். மகள் லேப்டாப்போடு வந்திருந்தாள். பாலிசி இவர் பெயரில் இருந்ததால் இவரும் உட்கார வேண்டும் என்றார்கள். சவரம் செய்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். திரையில் ஒரு கட்டத்தில் குறைதீர்ப்பாளரான கண்ணாடி போட்ட பெரியவர், இன்னொரு கட்டத்தில் கம்பெனி சார்பாக அதே கிளை அதிகாரி. அவரைப் பார்த்ததும் எனக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. வாடா என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் அந்த வரியை வாசித்தார். பெரியவர் என்னிடம், நீங்கள் சொன்னதுதானா என்றார். ஆமாம் என்றேன்.

"எங்க ஊர்ல எல்லாப் பொம்பளையும் சொல்றதுதான் சார். அந்த சார் வீட்டம்மாகிட்டயும் கேட்டுப் பாருங்க, இதேதான் சொல்வாங்க. அவருக்கும் பாலிசிய ரத்து பண்ணுவீகளா?"

பெரியவர் சிரித்துவிட்டார். அதிகாரி சிரிக்கவில்லை. ஆத்திரத்தில் அவர், ஆஸ்பத்திரியில் படுப்பதற்கு முன்னால் மூன்று மாதம் வாராவாரம் கவுன்சலிங்குக்கு இந்த அம்மாவே பணம் கட்டியிருக்கிறார், கம்பெனி ஒரு பைசா கொடுக்கவில்லை, அப்படியென்றால் வியாதி பெரிது என்று அப்போதே தெரியும்தானே என்றார். என் வீட்டுக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று பக்கமும் தலையிலிருந்து போய்விட்டது. இனி பஸ் ஏறமாட்டார் என்பது மட்டும்தான் நினைப்பில் இருந்தது.

ஐயா, நீங்க சொல்லுங்க, எப்பலேருந்து இப்படி இருக்கு என்று பெரியவர் இவரைக் கேட்டார்.

"ரெண்டு வருசமாத்தான் சார்." என் பக்கம் கையைக் காட்டினார். "ஆனா இவ இதையே சொல்லிச் சொல்லி, நான் பெறவியே இப்படித்தான் போலன்னு நானும் நெனச்சிட்டேன். சீக்குன்னு தெரிஞ்சிருந்தா முன்னமே வாயத் தொறந்து சொல்லியிருப்பேன்."

குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை. லோடு எந்த ஊரைத் தாண்டிவிட்டது என்று சொல்வாரே, அந்தக் குரலில் சொன்னார். மகள் என் கையைப் பிடித்தாள், நான் விடுவித்துக்கொண்டேன்.

ஒரு மாதத்தில் உத்தரவு வந்தது. ஆஸ்பத்திரிச் செலவும், டிஸ்சார்ஜுக்குப் பிந்திய தொண்ணூறு நாள் செலவும் கம்பெனி கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் கட்டியது கிடையாது, இனிமேல் பேசப்போவதற்கும் கிடையாது. நகலை எடுத்துக்கொண்டு கிளை அலுவலகத்துக்குப் போனேன். எனக்கு இங்கிலீஷ் வராது, தமிழில் சத்தமாகப் படித்துச் சொல்லுங்கள் என்று அதிகாரி முன்னால் நீட்டினேன். வரிசையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். படித்தார். காது சரியாகக் கேட்காது என்று சொல்லி இரண்டாம் தடவையும் படிக்கவைத்தேன். அவர் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. நான் வேண்டியது கிடைத்துவிட்டது. ஆனால் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது எனக்கு அந்த மனிதர் முகம் நினைவுக்கு வரவில்லை, வெள்ளைச் சட்டை போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் முகம்தான் வந்தது. ஒவ்வொருத்தர் மேலும் எனக்கு இருந்த கோபத்தையெல்லாம் தீர்த்துவிட்டேன், என் மேல் வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்த் தீர்ப்பது என்று தெரியவில்லை.

விசாரணைக்கு மறுநாள் முதல் அந்தப் பணத்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. விருதுநகருக்குப் போவதைப் பற்றியும் பேசவில்லை. அந்த ஒரு மாதமும் நாங்கள் போகவும் இல்லை. மறுபடியும் ஏதாவது பொய் சொல்லலாமா என்று உத்தரவு வந்த அன்றுகூட யோசித்துக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைந்தேன். அவர் முகம் கழுவிவிட்டுத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வியாழக்கிழமை போவோம். இன்சூரன்சு கெடையாதுன்னு தெரியும், துட்டு நான் கட்டிக்கிறேன்." துண்டைக் கொடியில் போட்டார். "நீ வெளிய ஒக்காந்திருக்க வேண்டாம். உள்ள வா."

வியாழக்கிழமை போனோம். அந்தப் பெண் எங்களுக்கு எதிரெதிரே இரண்டு நாற்காலி போட்டிருந்தது. ஐயா, என்கிட்ட சொன்னதை அம்மாகிட்டயே நேரா சொல்லுங்க என்றது. அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, அதற்குள் என் நாக்கு நுனியில் அந்தப் பழைய பதில் வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டு அவர் ஆரம்பிக்கட்டும் என்று காத்திருந்தேன்.